அடுத்து எந்த அறிவியல் புனைவு? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

அறிவியல் புனைவையும், மந்திரமும் கற்பனை நாடுகளும் நிறைந்த மிகுபுனைவையும் படிக்க விரும்புவோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "எது மிகச் சிறந்த நாவல்?" என்பதாக இருப்பதில்லை, "இவற்றுள் எதை முதலில் எடுப்பது?" என்பதாகவே இருக்கிறது. கேட்பவரிடம் பழைய செவ்வியல் நூல் ஒன்று இருக்கும். விருது பெற்ற புதிய நாவல் ஒன்றை யாரோ வற்புறுத்திப் பரிந்துரைத்திருப்பார்கள். பத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் கொண்ட தொடரின் முதல் பாகம் அலமாரியில் காத்திருக்கும். நடுவே மெல்லிய குறுநாவல் ஒன்றும் செருகிக் கிடக்கும். நான்கையும் யாரோ ஒருவர் மெய்யாகவே விரும்பிப் பரிந்துரைத்திருப்பதால், எதையும் எளிதில் தள்ளிவிட முடிவதில்லை.

ஆகவே இங்கே தனித்தனி நூல்களுக்கு மதிப்பெண் இடப்போவதில்லை. நூல்களைச் சென்றடையும் நான்கு வழிகளை, அதாவது செவ்வியல் நூல்கள், விருது பெற்ற நாவல்கள், நீண்ட தொடர்கள், குறுநாவல்களும் சிறுகதைத் தொகுப்புகளும் ஆகியவற்றை, ஒரே அளவுகோல்களைக் கொண்டு எடைபோடலாம்.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், மற்ற எல்லாவற்றையும்விட எடை மிகுந்தது என்று நான் கருதுவது, நுழைவு உழைப்பு. நடப்பியல் நாவலில் மழை, வீடு, திருமணம், கடன் என்ற சொற்கள் வரும்போது அவற்றின் பொருளை ஆசிரியர் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. நம் வாழ்க்கையே கற்பித்திருக்கிறது. புனைவுலக நாவலிலோ அங்கே மழை பெய்யுமா, திருமணம் என்ற ஒன்று உண்டா, கடன்பட்டவருக்கு என்ன நேரும் என்பதையெல்லாம் கதை நகர்ந்துகொண்டிருக்கும்போதே நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட 'டியூன்' நாவலின் இறுதியில் ஒரு சொல்லகராதியே இணைக்கப்பட்டிருக்கிறது; முதல் அத்தியாயங்களைப் படிப்பவர் அதைப் பலமுறை புரட்டுவார். ஒரு நாவலின் விலையைப் பக்க எண்ணிக்கையால் கணக்கிடுவதுதான் தேர்வில் நிகழும் பெரும் பிழை. கற்றுக்கொள்வதற்காகப் படிக்கும் எண்பது பக்கங்கள், கதைக்காகப் படிக்கும் நானூறு பக்கங்களைவிட நீளமானவையாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, மையக் கற்பனை மனிதர்களை என்ன செய்கிறது என்பது. கற்பனையான அந்த ஒன்றை நாவலிலிருந்து நீக்கிப் பார்க்க வேண்டும். விண்கலத்தைக் கப்பலாகவும், மந்திரவாதியை அமைச்சராகவும் மாற்றிய பின்னும் கதை அப்படியே நின்றால், நாம் கொடுத்த நுழைவு உழைப்பு வெறும் ஆடை அலங்காரத்துக்காகச் செலவழிந்துவிட்டது. உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலில், ஒரு கோளின் மக்கள் பெரும்பாலான நாட்கள் ஆண் பெண் என்ற வேறுபாடின்றி வாழ்ந்து, சில நாட்கள் மட்டும் ஏதேனும் ஒரு பாலினத்தை அடைகிறார்கள். அதை நீக்கினால் அந்நாட்டின் அரசியல் இல்லை, வெளியிலிருந்து வந்த தூதனின் தடுமாற்றம் இல்லை, பனிவெளியைக் கடக்கும் இருவருக்கிடையிலான நட்பும் இல்லை. அங்கே கொடுத்த உழைப்பு முழுதும் திரும்பி வருகிறது.

மூன்றாவது, கையிலுள்ள நூலுக்குள் கதை முடிகிறதா என்பது. நான்காவது, காலம் அந்த நூலை எவ்வளவு தேய்த்திருக்கிறது என்பது. பின்னிரண்டையும் அந்தந்த இடத்தில் பார்த்துக்கொள்வோம்.

## செவ்வியல் நூல்கள்

நுழைவு உழைப்பு மிகக் குறைவாக இருப்பது, வியப்பாகத் தோன்றினாலும், பழைய நூல்களில்தான். அறிவியல் புனைவு வாசகர் என்று ஒருவர் இன்னும் உருவாகாத காலத்தில் எழுதியவர்கள், எல்லாவற்றையும் பொதுவாசகருக்கு விளக்கியே தீர வேண்டியிருந்தது. எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' 1895இல் வெளிவந்தது. காலப் பயணம் செய்யப்போகிறவர், இரவு உணவுக்குப் பின் நண்பர்களை உட்காரவைத்து, காலமும் ஒரு பரிமாணமே என்று நிதானமாக வாதிடுவதில் அது தொடங்குகிறது. வாசகரும் அந்த நண்பர்களுள் ஒருவராக, அவர்களுடைய அதே ஐயங்களோடு உட்கார்ந்துகொள்ளலாம். நூலும் சிறியது, ஓரிரு மாலைகளில் முடிந்துவிடும்.

ஆனால் மறைந்திருக்கும் செலவு இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, இந்நூல்களின் கற்பனைகளைப் பின்வந்தவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாண்டுவிட்டதால், மூலத்தைப் படிப்பவருக்கு அதுவே பழகிய பிரதியைப் போலத் தோன்றுவது. இதில் நூலின் குற்றம் ஏதுமில்லை என்றாலும் வாசகரின் சலிப்பு உண்மையானது. மற்றொன்று, எழுதப்பட்ட காலத்தின் குருட்டுப்புள்ளிகள். ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' 1951இல் நூலானது. 1940களில் பத்திரிகையில் வந்த நான்கு கதைகளோடு, நூலுக்கென எழுதிய ஒன்றையும் முன்னால் சேர்த்துத் தொகுத்தது அது. பெருந்திரளான மக்களின் எதிர்காலத்தைக் கணிதத்தால் கணிக்கலாம் என்ற அதன் மையக் கற்பனை இன்றும் கூர்மையாகவே இருக்கிறது. ஆனால் பேரரசுகள் சரிவது முதலான பெருநிகழ்ச்சிகள் அறைகளுக்குள் ஆண்கள் பேசும் பேச்சாக நமக்கு வந்து சேர்கின்றன; பெண் பாத்திரங்கள் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். விண்வெளிப் போர்களை எதிர்பார்த்துத் திறப்பவர் ஏமாறுவார். விவாதத்தை விரும்புகிறவர் ஒரே மூச்சில் படித்துவிடுவார்.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. 1818இல் வந்த அந்நாவல், கடற்பயணியின் கடிதங்களுக்குள் விஞ்ஞானியின் வாக்குமூலமும், அதற்குள் அவன் படைத்த உயிரின் கதையுமாக மூன்றடுக்கில் அமைந்தது. தொடக்கம் மெதுவாகவே செல்லும். அந்த உயிர் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கும் நடுப்பகுதிவரை பொறுப்பவருக்குக் காலத் தேய்மானம் என்ற பேச்சே எழாது. திரைவழியாக நாம் அறிந்திருக்கும் ஊமைப் பூதம் அங்கே இல்லை. ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படித்து, தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்கும் ஒருவன் இருக்கிறான்.

நெடுநாள் வாசிப்பை விட்டிருந்து திரும்புவோருக்கும், இவ்வகை நூல்களின் வேரை அறிய விரும்புவோருக்கும் இந்த வழி பொருந்தும். புதுமையே வேண்டும் என்பவர் இங்கே தொடங்க வேண்டாம்.

## விருது பெற்ற நாவல்கள்

விருதைப் பார்த்துத் தேர்வதற்கு முன், அதை யார் தருகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஹியூகோ விருதுகள் 1953இல் தொடங்கின. ஆண்டுதோறும் கூடும் உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது தீவிர வாசகர்கள், வாக்களிக்கிறார்கள். 1966 முதல் வழங்கப்படும் நெபுலா விருதுக்கு வாக்களிப்பவர்கள் அறிவியல் புனைவு, மிகுபுனைவு எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள். ஆர்தர் சி. கிளார்க் விருதை ஒரு நடுவர் குழு தீர்மானிக்கிறது. 1987இல் அதன் முதல் விருது மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலுக்குச் சென்றது. வாசகர் கூட்டம் கொண்டாடும் நூலும், சக எழுத்தாளர்கள் தொழில்நுட்பத்துக்காக மெச்சும் நூலும், சிறு குழு விவாதித்துத் தேர்ந்தெடுக்கும் நூலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அவை ஒன்றாக இருக்கும்போது அது கவனிக்க வேண்டிய அடையாளம்: 'டியூன்', 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்', வில்லியம் கிப்சனின் 'நியூரோமேன்சர்' ஆகியவை ஹியூகோ, நெபுலா இரண்டையும் பெற்றவை. ஆன் லெக்கியின் 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்' மூன்றையுமே பெற்றது.

இந்த வழியின் மறைசெலவைத்தான் பரிந்துரைப்பவர்கள் சொல்வதில்லை. வாக்களிப்பவர்கள் எல்லாரும் இவ்வகை நாவல்களை நூற்றுக்கணக்கில் படித்தவர்கள். ஏற்கெனவே படித்ததிலிருந்து விலகிச் செல்வதையே அவர்கள் பரிசளித்துப் போற்றுகிறார்கள். ஆகவே விருது பெற்ற நூல்களில் நுழைவு உழைப்பு சராசரியைவிட மிகுதியாக இருப்பது இயல்பு. 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்' கதையைச் சொல்வது, ஒரு காலத்தில் போர் விண்கலமாகவும் அதே வேளையில் பல உடல்களாகவும் இருந்து, இப்போது ஒரே உடலில் எஞ்சியிருக்கும் செயற்கை அறிவு. அது எல்லாரையும் 'அவள்' என்றே குறிப்பிடுகிறது. அனுபவமுள்ள வாசகருக்கு இது பெருவிருந்து. முதன்முறை வருபவருக்கோ, எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதே சில அத்தியாயங்களுக்குத் தெளிவாகாது. இப்படி ஒரு நூலைத் தொடக்கமாகக் கொடுத்து, "எனக்கு அறிவியல் புனைவு ஒத்துவராது" என்று ஒருவரை நிரந்தரமாக விலக்கிவிட்ட குற்றம் எனக்கும் உண்டு.

இன்னும் இரண்டு கண்ணிகள் உள்ளன. தொடரின் பிந்தைய பாகமும் விருது பெறக்கூடும். என். கே. ஜெமிசின் 2016, 2017, 2018 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து ஹியூகோ வென்றார். மூன்றும் ஒரே முக்கதையின் பாகங்கள். 2018இல் வென்ற நூல் என்று கேட்டு வாங்கி வந்தவர், கதையின் கடைசிப் பாகத்தில் போய் விழுவார். மற்றொன்று, இப்பட்டியல்கள் பெரிதும் ஆங்கிலத்தைச் சார்ந்தவை. லியூ சிஷின் சீன மொழியில் எழுதிய 'தி த்ரீ பாடி பிராப்ளம்' 2015இல் ஹியூகோ பெற்றபோதுதான், மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று முதன்முறையாக அவ்விருதை அடைந்தது. விருது தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

பத்துப் பன்னிரண்டு நாவல்களையேனும் படித்து, தமக்குப் பிடித்தது எது என்று ஓரளவு அறிந்தவர்களுக்கு இதுவே மிகச் சிறந்த வழி. அவர்களும் வென்ற நூலோடு நிறுத்திக்கொள்ளாமல் இறுதிப் பட்டியல் முழுவதையும் பார்ப்பது நல்லது; வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்த நூல் தம் சுவைக்கு முதலாவதாக இருப்பது அரிதன்று.

## நீண்ட தொடர்கள்

தொடரின் கவர்ச்சி முழுவதும் நுழைவு உழைப்பின் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. உலகை ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும். பின்வரும் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு அந்த முதலீடு வட்டி தந்துகொண்டே இருக்கும். மிகுபுனைவு வாசகர்கள் தொடர்களை நாடுவதைச் சோம்பல் என்று இகழ்வோர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை. பழகிய ஊருக்குத் திரும்பிச் செல்வதில் உள்ள இன்பத்தைப் புதிய ஊர் ஒருபோதும் தராது.

தொடர்கள் எல்லாம் ஒரே வகையல்ல என்பதுதான் முடிவெடுக்கும்போது மறந்துபோகிறது. முதல் வகை, ஒரே கதை பல பாகங்களாக நீள்வது. ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' 1990 முதல் 2013 வரை 14 பாகங்களாக வெளிவந்தது; ஆசிரியர் 2007இல் மறைந்ததால், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு கடைசி மூன்று பாகங்களை பிராண்டன் சாண்டர்சன் முடித்தார். முடிந்தது என்பதே இங்கே பெரிய தகுதி. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரின் முதல் பாகம் 1996இலும் ஐந்தாவது 2011இலும் வந்தன. அதன் பிறகு வாசகர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் வகையில் உலகம் ஒன்று, கதைகள் வேறு. டெர்ரி பிராச்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள் உள்ளன என்ற எண் அச்சுறுத்தினாலும், பெரும்பாலானவற்றைத் தனித்தனியாகப் படிக்கலாம். அதன் முதல் நூலிலிருந்து தொடங்க வேண்டியதுகூட இல்லை; ஆசிரியர் தம் நடையைக் கண்டடைவதற்கு முன் எழுதியவை அவை என்பது என் கருத்து. இவ்விரு வகைகளுக்கும் நடுவே லெ குவினின் 'எர்த்ஸீ' நூல்கள் இருக்கின்றன. 1968இல் தொடங்கிய அவற்றில் முதல் நூல் மெல்லியது, தன்னளவில் முழுமையானது. அங்கேயே நிறுத்திக்கொண்டாலும் குறைவில்லை.

மறைசெலவு மறதியில் இருக்கிறது. நான் ஒரு தொடரின் நான்கு பாகங்களை ஆவலோடு படித்துவிட்டு, ஐந்தாவதற்குப் பல ஆண்டுகள் காத்திருந்தேன். அது கைக்கு வந்தபோது யார் யாருடைய தம்பி, எந்தக் கோட்டை எவருடையது என்பதெல்லாம் அழிந்துபோயிருந்தது. நுழைவு உழைப்பை மறுபடியும் முழுதாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதைவிடக் கொடியது, "அடுத்த பாகத்தில் சூடு பிடிக்கும்" என்ற வாக்குறுதி. முதல் பாகத்துக்குள் ஏதேனும் ஒரு முடிச்சாவது அவிழாத தொடருக்கு இரண்டாம் பாகத்தை வாங்குவதில்லை என்று நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி, இதுவரை ஒருமுறைதான் என்னைத் தவறவிட்டிருக்கிறது. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' தொடரே அல்ல என்பதை உணராமல், அதற்கும் அதே விதியைப் பொருத்திவிட்டேன். ஒரே நாவலாக எழுதப்பட்டு 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியான அதை, முதல் தொகுதியோடு மதிப்பிடுவது நாவலை மூன்றில் ஒரு பங்கில் மூடிவைப்பதற்குச் சமம்.

நாள்தோறும் சிறிது சிறிதாகப் படிப்பவர்களுக்கும், புதிய உலகத்தை அடிக்கடி கற்க மனமில்லாதவர்களுக்கும் தொடர் ஏற்றது. ஆண்டுக்கு ஐந்தாறு நூல்களே படிக்க முடிகிறவர் 14 பாகத் தொடரைத் தொடங்கினால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளின் வாசிப்பை ஒரே முடிவில் எழுதிக்கொடுத்துவிடுகிறார்.

## குறுநாவல்களும் சிறுகதைத் தொகுப்புகளும்

நாவலைத் தேடி வந்தவரிடம் இதைச் சொல்வது முறையா என்ற தயக்கம் உண்டு. ஆயினும் அறிவியல் புனைவின் கற்பனைகளுள் பல, குறுநாவல் அளவுக்கே சரியாகப் பொருந்துகின்றன. ஹியூகோ, நெபுலா விருதுகளின் கணக்குப்படி 17,500 சொற்களிலிருந்து 40,000 சொற்களுக்குள் அமைவது குறுநாவல். அதற்கு மேற்பட்டது நாவல். ஒரே ஒரு "என்ன ஆகும்?" என்ற வினாவை எழுப்பி, அதன் விளைவுகளைத் தொடர்ந்து சென்று, தீர்ந்ததும் நிறுத்திக்கொள்ள அந்த இடம் தாராளமாகப் போதும். டெட் சியாங் நாவல் எதையும் வெளியிடாமலே இத்துறையின் முதல்வரிசையில் இடம்பெற்றவர். 1998இல் வந்த அவருடைய 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' கதையில், வேற்றுலக உயிர்களின் எழுத்துமொழியைக் கற்கும் மொழியியலாளர் காலத்தையே வேறு விதமாக உணரத் தொடங்குகிறார். கதையின் வினைச்சொற்களின் காலங்கள்கூட அதற்கேற்ப மாறி வருகின்றன. இதை நானூறு பக்கங்களுக்கு இழுத்திருந்தால் அந்த நுட்பம் நீர்த்துப்போயிருக்கும்.

தொகுப்புகளின் மறைசெலவு அவற்றின் மெலிந்த தோற்றத்தில் ஒளிந்திருக்கிறது. பத்துக் கதைகள் கொண்ட நூல் பத்து உலகங்களைக் கொண்டது. நுழைவு உழைப்பைப் பத்து முறை செலுத்த வேண்டும். நாவலைப் போல ஒரே மூச்சில் படிப்பவர் நான்காவது கதையில் களைத்துப்போய், ஐந்தாவதின் மேல் அநியாயமாகக் குறைகாண்பார். நாளுக்கு ஒன்று என்பதே நல்ல அளவு. மிகுபுனைவுக்கு இவ்வடிவம் அவ்வளவாக உதவுவதில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் கற்பனை நாட்டின் சுவை அதன் தெருக்களில் நெடுநேரம் அலைவதில் இருக்கிறது.

ஓர் ஆசிரியரைச் சோதித்துப் பார்க்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' 2017இல் குறுநாவலாக வந்தது. தன்னைக் கட்டுப்படுத்தும் நிரலைத் தானே உடைத்துக்கொண்டு, அந்த விடுதலையைத் தொடர்நாடகங்கள் பார்ப்பதில் செலவிடும் ஒரு காவல் இயந்திரத்தின் குரல் அதில் பேசுகிறது. அக்குரல் பிடித்தால் அடுத்தடுத்த நூல்கள் உள்ளன. பிடிக்காவிட்டால் போனது ஒரு மாலைதான்.

## ஒரே பார்வையில்

| | நுழைவு உழைப்பு | கதை முடியும் உறுதி | மறைசெலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| செவ்வியல் நூல் | குறைவு | பெரும்பாலும் உண்டு | பழகிய கற்பனை, காலத்தின் குருட்டுப்புள்ளி | திரும்பி வருவோர், வேரைத் தேடுவோர் |
| விருது நாவல் | மிகுதி | நூலுக்கு நூல் மாறும் | அனுபவ வாசகருக்கென எழுதப்பட்டிருத்தல் | ஏற்கெனவே சில படித்தவர் |
| நீண்ட தொடர் | தொடக்கத்தில் மட்டும் | ஐயத்துக்குரியது | ஆண்டுக்கணக்கான கடப்பாடு, மறதி | நாள்தோறும் படிப்பவர் |
| குறுநாவல், தொகுப்பு | குறைவு. தொகுப்பில் கதைதோறும் | உறுதி | மீண்டும் மீண்டும் நுழைதல் | ஆசிரியரைச் சோதிப்பவர் |

## மொழிபெயர்ப்பு என்றால்

எந்த வழியில் சென்றாலும், மொழிபெயர்ப்பு நூலெனில் அது எதிலிருந்து பெயர்க்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஸ்டானிஸ்லாவ் லெம் போலிஷ் மொழியில் 1961இல் வெளியிட்ட 'சோலாரிஸ்', 1970இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழியாகவே வந்தது. மூலத்திலிருந்து நேரடியாகச் செய்த ஆங்கிலப் பெயர்ப்பு 2011இல்தான் வெளியானது. 'தி த்ரீ பாடி பிராப்ளம்' நாவலிலோ வேறுபாடு சொற்களைத் தாண்டியது: சீன நூல்வடிவில் நடுவே இருந்த பண்பாட்டுப் புரட்சி அத்தியாயங்கள், கென் லியூவின் ஆங்கிலப் பெயர்ப்பில் நாவலின் தொடக்கத்துக்கு வந்துவிட்டன.

## கையில் எடுத்துப் பார்க்கும்போது

இரண்டு நூல்களுக்கிடையே இன்னும் முடிவு வராதவர்களுக்கு ஓர் எளிய சோதனை. முதல் பத்துப் பக்கங்களைப் படித்து, பொருள் விளங்காத கற்பனைப் பெயர்களையும் புதுச்சொற்களையும் எண்ணுங்கள். எண்ணிக்கை எதுவானாலும் கவலையில்லை. பிறகு நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து அங்கேயும் எண்ணுங்கள். தொடக்கத்தில் அறிமுகமான சொற்களே அங்கே மீண்டும் வந்து, புதியவை குறைந்திருந்தால், ஆசிரியர் கற்பித்து முடித்துக் கதைக்குள் இறங்கிவிட்டார் என்று கொள்ளலாம். நடுப்பக்கத்திலும் புதுப்பெயர்கள் மொய்த்துக்கொண்டிருந்தால், அந்நாவல் கடைசிவரை பாடம் நடத்திக்கொண்டே இருக்க வாய்ப்பு மிகுதி.

இச்சோதனை தவறும் நாவல்களும் உள்ளன. சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' 2020இல் வந்தது. சிலைகள் நிறைந்த முடிவற்ற கூடங்களும், கீழ்த்தளங்களில் ஏறி இறங்கும் கடலலைகளும் கொண்ட மாளிகையில் வாழும் ஒருவனின் நாட்குறிப்பாக அது அமைந்திருக்கிறது. கூடங்களின் எண்களும் திசைகளும் பெரிய எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களுமாக அதன் முதல் பக்கங்கள் குழப்பத்தான் செய்யும். நடுப்பக்கத்தைத் திறந்து பார்த்தாலோ, அறியக் கூடாததை முன்கூட்டியே அறிந்துவிடும் ஆபத்து உண்டு. தான் யார் என்பது அந்த மனிதனுக்கே தெரியாது. அவனோடு சேர்ந்து தெரியாமல் இருப்பதற்குத்தான் அந்த 250 பக்கங்களும். அந்நூலை மட்டும் நடுவில் திறக்காமல் முதல் பக்கத்திலிருந்தே படித்துச் செல்லுங்கள்.